பார்ரா விமான நிலையம்: கடல் உள்வாங்கினால்தான் விமானம் இறங்கும்

ஸ்காட்லாந்தின் பார்ரா தீவில் இருக்கும் விமான நிலையத்தைப் பற்றி இணையத்தில் வீடியோக்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான். சின்ன விமானம் ஒன்று தாழ்ந்து வரும், கடற்கரை மணலில் இறங்கும், சக்கரங்கள் தண்ணீரை வாரியிறைக்கக் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அரை நிமிடத்தை மட்டும் எடுத்துப் போட்டு 'விசித்திரமான ஏர்போர்ட்' என்று தலைப்பு வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த நிலையத்தை நம்பி ஒரு தீவே வாழ்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளாஸ்கோவில் குடியிருக்கிறேன். மருத்துவமனைக் கருவிகளைச் சோதித்துப் பழுது பார்ப்பது என் வேலை. பார்ராவில் காசில்பே என்ற ஊரில் ஒரு சிறிய மருத்துவமனை இருக்கிறது. அங்கே கருவிகளுக்குச் சர்வீஸ் வரும்போதெல்லாம் தோளில் ஒரு பையும் கையில் டூல் பெட்டியுமாகக் கிளம்பிவிடுவேன். வெயிலிலும் போயிருக்கிறேன், பேய்க்காற்றிலும் போயிருக்கிறேன். சுற்றுலா வந்தவர் ஒரு முறை பார்த்து எழுதும் விமர்சனமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். வசதிகளுக்காக அல்ல. வசதி என்று பார்த்தால் மதுரை விமான நிலையத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே கிடையாது. இருக்கிற கொஞ்ச மணலையும், கொஞ்ச நேரத்தையும், கொஞ்ச ஆட்களையும் வைத்துக்கொண்டு ஒரு ஊருக்கு இவ்வளவு ஒழுங்காகச் சேவை செய்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இடத்தைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் மேற்கே, அட்லாண்டிக் கடலில், வெளி ஹெப்ரைடிஸ் என்று ஒரு தீவுச்சங்கிலி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன் தென்கோடிப் பக்கம் இருப்பது பார்ரா. மக்கள் தொகை ஆயிரத்துச் சொச்சம்தான். கேலிக் மொழி இன்னும் பேச்சில் இருக்கிறது. தீவின் வடக்கே நிலம் மிகவும் ஒடுங்கிப்போகும். அந்த ஒடுங்கலின் மேற்குப் பக்கம் மணல்மேடும் அட்லாண்டிக்கின் பேரலையும். கிழக்குப் பக்கம் ஆழமில்லாத, அகலமான ஒரு விரிகுடா. கேலிக்கில் அதன் பெயர் டிராய் வோர், பெரிய கடற்கரை. அந்த விரிகுடாவின் அடிமணல்தான் ஓடுபாதை. கடல் ஏறினால் ஓடுபாதை முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். கடல் வற்றினால் வெளியே வரும். உலகத்தில் இப்படி ஏறி வற்றும் கடற்கரையில், அட்டவணை போட்டுத் தினசரிப் பயணிகள் விமானம் இறங்கும் இடம் இது ஒன்றுதான். இது ஏதோ நேற்று ஆரம்பித்த வேடிக்கையும் அல்ல. 1936-லிருந்து இங்கே விமான நிலையம் இயங்குகிறது.

ஏன் தார் போட்ட ஓடுபாதை இல்லை என்று கேட்கலாம். தீவு முழுக்கப் பாறையும் குன்றும்தான். உயரமான ஹீவல் குன்று மட்டுமே 383 மீட்டர். சமதளமாக இவ்வளவு பெரிய இடம் இந்த மணல்தான். அதுவும் நம்மூர் கடற்கரை மாதிரி கால் புதையும் மணல் அல்ல. மட்டி ஓடுகள் உடைந்து கலந்து, ஒவ்வொரு நாளும் கடல் வந்து அழுத்திவிட்டுப் போவதால் கெட்டியாக இருக்கிறது. அந்த மணலில் முக்கோணமாக மூன்று ஓடுபாதைகள். கோடு எதுவும் கிடையாது. ஒவ்வொன்றின் முனையிலும் மரக்கம்பங்கள் நட்டிருக்கும், அவ்வளவுதான். எதற்கு மூன்று என்றால், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதை எதிர்த்து இறங்குவதற்கு ஒரு பாதை வேண்டும். அந்தப் பகுதியில் காற்று சும்மா இருக்கும் நாள் அபூர்வம்.

இனி நேரத்துக்கு வருவோம். முதல்முறை போகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டியதே இதைத்தான்.

கடல் ஒருமுறை முழுதாக ஏறி, வற்றி, மறுபடி ஏற ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். அதாவது இன்றைக்கு வற்றும் நேரத்தைவிட நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வற்றும். விமானமும் அதோடு சேர்ந்து தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதனால் கிளாஸ்கோ - பார்ரா அட்டவணையில் இன்று ஒரு நேரம், நாளை ஒரு நேரம் இருக்கும். தூத்துக்குடியில் கடலோரம் வளர்ந்த எனக்கே இது புதிது. நம் கரைகளில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கே மூன்று, நாலு மீட்டர். அதனால்தான் ஒரு விரிகுடாவே காலையில் கடலாகவும் மதியம் தரையாகவும் இருக்க முடிகிறது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஊரிலிருந்து வந்த தினசரி காலண்டர் ஒன்று மாட்டியிருக்கிறது. பார்ரா வேலை வந்தால் என் கை முதலில் அதற்குத்தான் போகும். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஓரிரு நாட்களில், அந்தக் கரையில் கடல் நண்பகலை ஒட்டி நன்றாக வற்றும். விமானமும் நடுப்பகலில் தாராளமாக வந்துபோகும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நிலைமை தலைகீழ். நண்பகலில் கடல் ஏறி ஓடுபாதையை மூடியிருக்கும், விமானம் காலையிலோ மாலையிலோதான். துல்லியமான நேரத்துக்கு விமான நிறுவனத்தின் அட்டவணைதான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வாரம் மருத்துவமனையில் முழுப் பகல் வேலை செய்ய முடியும், எந்த வாரம் இரவு தங்க வேண்டி வரும் என்பதைக் காலண்டரைப் பார்த்தே ஓரளவு கணித்துவிடலாம். தாத்தா மீன்பிடிக்கப் போகும்போது பிறை பார்த்துக் கிளம்பியது ஏன் என்பது எனக்கு ஸ்காட்லாந்தில் வந்துதான் நன்றாக உறைத்தது.

இதில் ஒரு எச்சரிக்கை. பொதுவான பயண முன்பதிவுத் தளம் ஒன்று எனக்கு ஒருமுறை லண்டன் இணைப்போடு சேர்த்து ஒரு டிக்கெட் விற்றது. திரும்பும் நேரம் கடலை ஒட்டி மாறிய செய்தியை அவர்கள் எனக்குச் சொல்லவே இல்லை. லண்டன் விமானம் போய்விட்டது. தொலைபேசியில் பேசியபோது, 'தினமும் நேரம் மாறும் விமானமா, அப்படி ஒன்று இருக்க வாய்ப்பே இல்லையே' என்று அந்தத் தளத்தின் உதவியாளர் என்னிடம் வாதாடினார். எனக்குப் பணம் திரும்பி வரவில்லை. ஆகவே பார்ரா டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே நேராக எடுங்கள். அதே நாளில் வேறு ஊருக்கு இணைப்பு வைக்காதீர்கள்.

குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல் சேரும். கடற்கரையில் விளக்கு போட்ட ஓடுபாதை கிடையாது, பகலில் மட்டுமே விமானம். டிசம்பரில் அங்கே பகல் என்பதே ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த ஏழு மணி நேரத்துக்குள் கடலும் வற்ற வேண்டும், காற்றும் அடங்க வேண்டும், மூடுபனியும் விலக வேண்டும். பகல், கடல், காற்று, மூடுபனி இந்த நாலும் ஒத்துவர வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். விமானம் ரத்தானால் அங்கே யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

சரி, விமானம். லோகன்ஏர் என்ற விமான நிறுவனம் இயக்கும் ட்வின் ஆட்டர். கனடாவில் வடிவமைத்த, குறுகிய தூரத்தில் ஏறி இறங்கக்கூடிய இரட்டை எஞ்சின் விமானம். 19 இருக்கைகள். இந்தத் தடத்துக்கென்றே 2015-ல் புதிதாக இரண்டு விமானங்கள் வாங்கினார்கள். நிலையத்தை நடத்துவது ஹைலண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் ஏர்போர்ட்ஸ் என்ற அரசுக்குச் சொந்தமான நிறுவனம். தடத்துக்கு ஸ்காட்லாந்து அரசு மானியம் கொடுக்கிறது. லாபத்தை மட்டும் பார்த்திருந்தால் 19 இருக்கை விமானத்தை ஆயிரம் பேர் உள்ள தீவுக்கு யாரும் விடமாட்டார்கள். வரிப்பணம் சரியான இடத்துக்குப் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்தத் தடத்தில் ஒருமுறை பயணம் செய்யுங்கள்.

உள்ளே நிமிர்ந்து நடக்க முடியாது, குனிந்துதான் போக வேண்டும். ஒரு பக்கம் இரண்டு இருக்கை, மறுபக்கம் ஒன்று. பணிப்பெண் கிடையாது, டீ காபி கிடையாது, கழிப்பறையும் கிடையாது. விமானிகளில் ஒருவரே திரும்பி நின்று பாதுகாப்பு விவரங்களைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். முன்வரிசையில் இடம் கிடைத்தால் விமானிகளின் கையசைவு முழுவதும் தெரியும். எஞ்சின் சத்தம் அதிகம். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். பயணம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தாழ்வாகப் பறப்பதால் வானம் தெளிந்த நாளில் கீழே ஏரிகளும் தீவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்துகொண்டே வரும்.

கப்பலில் போனால்? கிளாஸ்கோவிலிருந்து ஓபன் துறைமுகத்துக்குக் காரிலோ ரயிலிலோ மூன்று மணி நேரம் வரை. அங்கிருந்து காசில்பேக்குக் கப்பலில் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும். காரோடு போகிறவர்களுக்கும் குடும்பமாகப் போகிறவர்களுக்கும் கப்பல்தான் நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் ஒருவருக்கு அது சரிப்படாது.

அப்படி ஒருவரோடு நான் ஒரு பயணத்தில் போயிருக்கிறேன். எண்பது வயதுக்கு மேல் இருக்கும், கிளாஸ்கோ மருத்துவமனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டி. ஒரு கண்ணில் கட்டு. விமானம் இறங்கி, கட்டடத்துக்குப் பக்கமாக மணலில் வந்து நின்றது. கதவைத் திறந்தால் நாலைந்து படி, கீழே மணல்தான். கடல் போய்க் கொஞ்ச நேரமே ஆகியிருந்ததால் கடைசிப் படிக்கு நேர் கீழே ஒரு குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் பூட்ஸ் காலால் பக்கத்து மணலைத் தள்ளித் தள்ளி அந்தக் குழியை மூடினார். மேலே ஏறி நின்று இரண்டு மிதி மிதித்துப் பார்த்தார். அப்புறம்தான் கையை நீட்டினார். பாட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கேலிக்கில் ஏதோ கேட்டார், அவர் பதில் சொன்னார், இருவரும் பேசிக்கொண்டே மெதுவாக நடந்தார்கள். பின்னால் நாங்கள் பதினைந்து பேர் படியிலும் உள்ளேயுமாகக் காத்திருந்தோம். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. சக்கர நாற்காலிக்கு ஃபார்ம் நிரப்பச் சொல்லி, ஒரு மூலையில் உட்காரவைத்து மறந்துவிடும் பெரிய நிலையங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே அந்த ஃபார்முக்கு வேலையே வரவில்லை.

இந்த அக்கறை தற்செயலாக வருவது அல்ல. ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால் ஊழியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு மணலில் ஓடுபாதை நெடுகப் போய்ப் பார்க்கிறார்கள். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எங்கே மணல் இளகியிருக்கிறது, கடல் ஏதாவது கட்டையையோ பாசியையோ ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறதா என்று பார்த்து விமானிக்குச் சொல்ல வேண்டும். தார்ச் சாலை என்றால் நேற்று இருந்தது இன்றும் இருக்கும். இந்த ஓடுபாதையோ கடல் ஒவ்வொரு முறை வந்துபோகும்போதும் புதிதாகப் போட்டுவிட்டுப் போவது. நேற்றுப் பார்த்தது இன்றைக்கு உதவாது. கருவி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பதால் எனக்கு இதன் அருமை தெரியும். தினமும் அதே சோதனையை, அலுக்காமல், முதல் நாள் மாதிரியே செய்வதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை.

விமானத்துக்கும் உப்பு பெரிய எதிரி. மணலில் ஓடும்போது கடல்நீர் அடிவயிறு, சக்கரம் எல்லாவற்றிலும் தெறிக்கும். கழுவாமல் விட்டால் உலோகம் அரித்துப்போகும். அதனால் பார்ரா போய்வந்த விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டியிருக்கிறது. இது போன்ற கண்ணுக்குத் தெரியாத செலவெல்லாம் சேர்ந்துதான் டிக்கெட் விலை. விலை கூடுதலாகத் தெரிந்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முனையக் கட்டடம் சிறியது. மேலே ஒரு குட்டிக் கோபுரம். உள்ளே நுழைந்தால் ஒரே கூடம், ஒரு கவுண்டர், ஒரு காபிக் கடை. நம் பெட்டிகள் வெளியே, பேருந்து நிறுத்த நிழற்குடை அளவிலான ஒரு கொட்டகைக்கு வந்துசேரும். நகரும் பெல்ட் எல்லாம் கிடையாது, வண்டியிலிருந்து இறக்கி வைப்பார்கள், அவரவர் பெட்டியை அவரவர் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இறங்கியதிலிருந்து பெட்டியோடு சாலையில் நிற்பதற்குள் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒருமுறை என் டூல் பெட்டிக்குப் பக்கத்தில் மருந்து என்று எழுதிய அட்டைப்பெட்டி, இரண்டு கார் டயர், பூங்கொத்து ஒன்று. மூன்றையும் எடுத்துப் போக மூன்று பேர் தயாராக நின்றார்கள். தீவுக்கு எது தேவையோ அது அந்தக் கொட்டகையில் தெரியும்.

காபிக் கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விமானம் ஏறாதவர்களும் சாப்பிட வந்து உட்காரும் விமான நிலையத்தை வேறெங்கே பார்க்க முடியும்? பக்கத்து வீட்டுக்காரர்கள், தபால்காரர், குழந்தையோடு வரும் தாய்மார்கள் என்று எப்போதும் யாராவது இருப்பார்கள். சூடான சூப்பும் ரொட்டியும் கேட்டு வாங்குங்கள். நான் சைவம், அங்கே நான் போன நாட்களில் பெரும்பாலும் காய்கறி சூப் ஏதாவது ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனாலும் எப்போதும் இருக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். கையில் ஒரு பொட்டலம் தயிர்சாதமோ புளியோதரையோ வைத்துக்கொள்வது உத்தமம். நானும் வைத்திருப்பேன். ஜன்னலோர மேசை கிடைத்தால் விடாதீர்கள். ஓடுபாதை முழுவதும் அங்கிருந்து தெரியும்.

அவசர நேரத்தில்தான் இந்த நிலையத்தின் முழு மதிப்பும் தெரியும். ஸ்காட்லாந்தின் தீவுகளுக்கும் விமான ஆம்புலன்சுக்கும் பழைய உறவு. 1933 மே மாதத்தில், தெற்கே இருக்கும் ஐலே தீவிலிருந்து வயிற்றில் நோய் முற்றிய ஒரு மீனவரைக் கிளாஸ்கோவுக்கு விமானத்தில் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். அங்கிருந்து ஆரம்பித்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. பார்ராவில் சின்ன மருத்துவமனைதான் என்பதால் பெரிய சிகிச்சை எதுவானாலும் தீவைவிட்டு வெளியேதான் போக வேண்டும். இரவில் அவசரம் வந்தால், விளக்கில்லாத இந்தக் கடற்கரையில் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் பட்டைகளை மணலில் பரப்பி, வண்டிகளின் முகப்பு விளக்குகளைப் போட்டு விமானத்தை இறக்கியிருக்கிறார்கள். அந்த மருத்துவமனையில் மானிட்டரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அடிக்கடி தோன்றும்: இந்தக் கருவி காட்டும் எண் மோசமானால் அடுத்த கட்டம் அந்த மணல்தான். அதனால் அங்கே நான் செய்யும் வேலையில் கூடுதலாக ஒரு முறை சரிபார்க்காமல் பெட்டியை மூடுவதில்லை.

இப்போது எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை. அது நிலையத்தின் மேல் அல்ல, நம்மைப் போல வந்துபோகிறவர்கள் மேல்தான். கோடையில் பலர் கடற்கரையில் இறங்கும் அனுபவத்துக்காக மட்டுமே டிக்கெட் எடுத்து வருகிறார்கள். இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, அதே விமானத்திலேயே ஏறித் திரும்பிவிடுகிறார்கள். சட்டப்படி தப்பில்லை. ஆனால் இருப்பது 19 இருக்கை, ஒரு நாளைக்கு ஒரு விமானம் அல்லது இரண்டு. அதில் ஒரு இருக்கை போனால் கிளாஸ்கோவில் டாக்டரைப் பார்க்க வேண்டிய ஒருவருக்கு இடமில்லாமல் போகலாம். வந்தால் இரண்டு இரவாவது தங்குங்கள். தங்கினால் விடுதிக்காரருக்கும் கடைக்காரருக்கும் பஸ் ஓட்டுநருக்கும் ஏதாவது கிடைக்கும். நீங்கள் எடுத்துக்கொண்ட இருக்கைக்கு அது நியாயம் செய்யும்.

தங்கினால் பார்க்கவும் நிறைய இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து சாலையைத் தாண்டி மணல்மேட்டில் ஏறினால் சில நிமிடங்களில் மேற்குக் கரை. இந்தப் பக்கம் விமானம் இறங்கும் அமைதியான விரிகுடா, அந்தப் பக்கம் ஆளுயர அலை அடிக்கும் அட்லாண்டிக். காசில்பே இங்கிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீட்டர். விமானத்தை ஒட்டி உள்ளூர் பஸ் உண்டு, ஓட்டுநரிடம் சொன்னால் இறக்கிவிட வேண்டிய இடத்தில் இறக்கிவிடுவார். காசில்பே விரிகுடாவின் நடுவில் ஒரு பாறைமேல் கிசிமல் கோட்டை நிற்கிறது. அங்கிருந்து வாட்டர்சே தீவுக்குக் கடலுக்குக் குறுக்கே சாலை போட்டிருக்கிறார்கள், 1991-ல் போட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே எரிஸ்கே தீவுக்குப் போகும் படகுத்துறையும் இருக்கிறது, 40 நிமிடப் பயணம். வடக்கே இருக்கும் தீவுகளையும் பார்க்க நினைப்பவர்கள் இறங்கியதும் அந்தப் பக்கமே போய்விடலாம்.

கடற்கரையில் நடக்க ஆசைப்படுவீர்கள். நடக்கலாம், தடையில்லை. ஊர்க்காரர்கள் அங்கே மட்டி பொறுக்குவதும் உண்டு. ஆனால் காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தில் ஏறிவிட்டால் நிலையம் வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மணலில் கால் வைக்கவே கூடாது. அறிவிப்புப் பலகையில் தெளிவாக எழுதியிருக்கும். சுற்றிலும் வேலி கிடையாது, விசில் ஊதிக் கூப்பிட ஆள் நிற்கமாட்டார். வேலி போடாமல் நம்மை நம்பி விட்டிருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தப் பலகையை முதலில் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். விமானம் கிளம்பிப்போய்த் துணிப்பை இறங்கியபிறகு ஆசைதீர நடக்கலாம். கடல் திரும்பி வரும் நேரத்தை மட்டும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சமதளமான இடத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் வேகமாக வரும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், கூட்டிப் போகலாமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம், சில ஏற்பாடுகளோடு. படி ஏறி இறங்கக் கொஞ்சம் கால் பலம் வேண்டும். முடியாதென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கிளாஸ்கோவில் ஏறுமுன் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். காதுக்குப் பஞ்சு கொடுங்கள், சத்தம் தாங்காது. சின்ன விமானம் என்பதால் பெட்டியின் எடைக்குக் கட்டுப்பாடு கடுமை, இட்லிப் பாத்திரத்தை எல்லாம் வீட்டிலேயே வைத்துவிடலாம். செருப்பு வேண்டாம், ஈரம் புகாத ஷூ போடட்டும். கோடையிலும் ஸ்வெட்டர், காற்று புகாத மேல்சட்டை, தலைக்குக் குல்லாய். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு நாளுக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் அது விலகும் வரை தீவிலேயே இருக்க வேண்டியதுதான்.